மறுமொழி: 'டேஸ்ட் ரிசெப்டர்' – நாவுணரியா, சுவையேற்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

தம்பியின் பாடநூல் கைப்படியில் 'டேஸ்ட் ரிசெப்டர்' (சுவைப்பொருளை முதலில் ஏற்கும் புரதம்) முதலான சொற்களுக்குத் தமிழில் என்ன போடுவது என்ற இந்த இழை மூன்று கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மடல் போட்டால் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டிவரும். அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிட்டேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தம்பி எழுதியது: 'டேஸ்ட் ரிசெப்டர்' என்பதற்கு 'நாவுணரி' என்று போட்டிருக்கிறேன். சின்னச் சொல், மாணவர் வாயில் நிற்கும். சுவை நாக்கில்தானே இருக்கிறது?

தம்பி, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் போட்டிருக்கிற கேள்வியில்தான் சிக்கல். நமக்கே மென்னண்ணத்திலும் தொண்டையிலும் குரல்வளை மூடியிலும் சுவையரும்புகள் உண்டு. மனிதரை விட்டு வெளியே போனால் நாக்கு என்ற உறுப்பையே மறந்துவிட வேண்டியதுதான். கெளுத்தி மீனுக்கு மீசையில் மட்டுமா சுவையரும்பு? முதுகு, வயிறு, வால் என்று தோல் முழுக்க இருக்கிறது. சில வகைகளில் ஒரு மீனுக்கே ஒரு லட்சத்தைத் தாண்டும். நமக்கு எல்லாம் சேர்த்தும் சில ஆயிரம்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத கலங்கல் நீரில், உடம்பின் எந்தப் பக்கத்தில் இரையின் சாறு பட்டதோ அந்தப் பக்கம் சட்டென்று திரும்பும். இத்தனை செய்தியையும் கொண்டுவருவது பெரும்பாலும் முகநரம்பு. அது போய்ச் சேரும் இடம் அந்த மீனின் மூளையில் தனி மேடாகவே புடைத்து நிற்கும்.

ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். பசித்த ஈயின் முன்னங்காலில் ஒரு துளி சர்க்கரைக் கரைசலைத் தொட்டு வைத்தால், மடங்கிக் கிடக்கும் அதன் உறிஞ்சுகுழல் தானாக நீளும். வெறும் தண்ணீரைத் தொட்டால், தாகம் இல்லாத ஈ அசையாது. சர்க்கரையோடு கசப்புப் பொருளைக் கலந்தால் நீண்ட குழல் சுருங்கிக்கொள்ளும். ஒரு பொருள் ஈக்கு இனிக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்பது இப்படித்தான். பெண் பட்டாம்பூச்சி முட்டையிடுவதற்கு முன்னால் இலைமேல் முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்ப்பதும் சுவை பார்ப்பதுதான். தின்னப்போவது தான் அல்ல, தன் புழு. இந்த இடங்களில் எல்லாம் 'காலில் உள்ள நாவுணரி', 'வாலில் உள்ள நாவுணரி' என்று எழுதிப் பாருங்கள். அடுத்த அத்தியாயத்திலேயே சொல் முறிந்துவிடும்.

பெயர் உறுப்பைப் பின்பற்ற வேண்டாம், ஏற்பியைப் பின்பற்றட்டும் என்பதுதான் என் கட்சி. கீழே வரும் மற்றச் சச்சரவுகளும் இதிலேயே தீரும் என்று நினைக்கிறேன்.

> மருத்துவர் அம்மா எழுதியது: மொட்டு, அரும்பு, முகிழ், நரம்பு என்று நாலும் கலந்து கிடக்கிறது. எது எது என்று பிரித்துவிட்டு அப்புறம் சண்டை போடலாமே?

பிரித்துவிடலாம் அம்மா. நாக்கின் நுனியில் நீல உணவுச் சாயத்தைத் தடவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். நாக்கு முழுக்க நீலமாகும். இடையிடையே மட்டும் வட்ட வட்டமாக இளஞ்சிவப்புப் புள்ளிகள் சாயம் ஏறாமல் நிற்கும். பலர் அவற்றைத்தான் சுவையரும்பு என்று நினைக்கிறார்கள். அவை பாப்பிலாக்கள், அதாவது மேலே எழும்பிய புடைப்புகள். காளான் வடிவில் இருப்பவை இவை. சுற்றிலும் நீலமாகித் தெரியும் நுண்ணிய மயிர்போன்றவையும் பாப்பிலாக்கள்தான். எண்ணிக்கையில் அவையே மிகுதி, ஆனால் அவற்றில் ஒரு சுவையரும்புகூடக் கிடையாது. உணவைப் பற்றிப் பிடிக்கும் சொரசொரப்புக்காக இருப்பவை. நாக்கின் பின்பக்கத்தில், தொண்டையை ஒட்டி, தலைகீழ் 'வி' வடிவில் எட்டு முதல் பன்னிரண்டு பெரிய புடைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி அகழி. அகழியின் சுவரில் நூற்றுக்கணக்கான சுவையரும்புகள்.

பாப்பிலாவுக்கு 'நாப்புடைப்பு' என்கிறேன். 'நா' வரவேண்டிய இடம் இதுதான். இது நாக்கின் மேல் மட்டுமே இருப்பது.

அந்தப் புடைப்புக்குள் புதைந்து கிடப்பது சுவையரும்பு. கண்ணுக்குத் தெரியாது. பூண்டுப் பற்கள்போல 50 முதல் 100 செல்கள் நெருங்கி நிற்கும். நுனியில் ஒரு துளை. உமிழ்நீரில் கரைந்து வருவது மட்டுமே அந்தத் துளைக்குள் இறங்க முடியும். நாக்கைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு ஒரு சர்க்கரைக் கல்லை வையுங்கள். கொஞ்ச நேரம் வெறும் மணல்தான். உமிழ்நீர் ஊறி வந்த பிறகுதான் இனிக்கும். 'மொட்டு'க்கும் 'அரும்பு'க்கும் நடுவில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரும்பு பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

அரும்புக்குள் இருப்பவை சுவைச்செல்கள். 'சுவை நரம்பு' என்று இவற்றைச் சொல்வதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இவை நரம்புச் செல்கள் அல்ல, மேற்புறத்தோலின் வழிவந்த செல்கள். அதனால்தான் பத்துப் பதினைந்து நாளில் பழையன கழிந்து புதியன வந்துவிடுகின்றன. சூடு பட்டுப் பொசுங்கிய நாக்கு சில நாளில் தேறிவிடுகிறது. உண்மையான சுவை நரம்புகள் வெளியிலிருந்து அரும்புக்குள் வந்து இந்தச் செல்களைத் தொட்டு நிற்கின்றன. நாவின் முன்பகுதிக்கு முகநரம்பின் கிளை, பின்பகுதிக்கு நாத்தொண்டை நரம்பு, குரல்வளை மூடிப் பக்கத்துக்கு வேகஸ் நரம்பு. ஈயிலோ கதை வேறு. அதன் கால்மயிருக்குள் இருப்பது நேரே நரம்புச் செல்தான், இடைத்தரகர் கிடையாது.

போகிற போக்கில் ஒன்று. தம்பியின் கைப்படியில் 'நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு' என்று நாக்கு வரைபடம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1901-ல் ஹேனிக் என்ற செருமானிய ஆய்வாளர், நாவின் ஓரங்களில் இடத்துக்கு இடம் உணர்திறன் சற்றே மாறுகிறது என்று எழுதினார். 1942-ல் எட்வின் போரிங் தன் உளவியல் வரலாற்று நூலில் அதை வரைகோட்டுப் படமாக்கியபோது அந்தச் 'சற்றே' காணாமல் போனது. படித்தவர்கள் ஏதோ எல்லைக்கோடு போட்ட நாடுகள்போல எடுத்துக்கொண்டார்கள். சுவையரும்பு உள்ள இடம் எதிலும் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (குளுட்டமேட்டின் சுவை, கீழே சொல்கிறேன்) என்ற ஐந்து சுவையும் தெரியும்.

இப்போது இழையின் தலைப்புக்கு வருகிறேன். சுவைச்செல்லின் நுனியில், படலத்தில் பொதிந்து நிற்கும் புரதம்தான் 'டேஸ்ட் ரிசெப்டர்'. இனிப்புக்கு டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் சோடி சேர்ந்து நிற்கும். டி1ஆர்3 அப்படியே இருக்க, டி1ஆர்2-க்குப் பதில் டி1ஆர்1 வந்து சேர்ந்தால் அது உமாமிக்கு. கசப்புக்கு டி2ஆர் என்ற தனிக் குடும்பமே உண்டு, மனிதருக்கு ஏறத்தாழ 25 வகை. சர்க்கரை மூலக்கூறு வந்து இரண்டு மடல்களுக்கு நடுவில் உட்கார்ந்ததும் மடல் மூடிக்கொள்ளும். உள்ளே கஸ்ட்டூசின் என்ற புரதம் விழித்துக்கொள்ளும். (1992-ல் கண்டுபிடித்தார்கள், கண்ணின் ஒளிப்புலச் செல்லில் இருக்கும் புரதத்துக்கு நெருங்கிய உறவு.) செல்லுக்குள் கால்சியம் பெருகும், அயனி வாயில் (அயனிகள் நுழையும் புரதக் கதவு) ஒன்று திறக்கும், கடைசியில் ஏடிபி வெளியே கொட்டும். நரம்புக்குச் செய்தி அந்த ஏடிபிதான். ஆற்றல் நாணயம் என்று நாம் பாடம் நடத்தும் அதே ஏடிபிக்கு இங்கே தூது வேலை!

இந்தச் சங்கிலியில் 'உணர்தல்' எங்கே நடக்கிறது? புரதத்தில் இல்லை. புரதம் ஏற்கிறது, வடிவம் மாறுகிறது, அவ்வளவே. இனிக்கிறது என்ற உணர்வு மூளைத்தண்டு, தலாமஸ் எல்லாம் கடந்து இன்சுலாப் புறணியில் தோன்றுகிறது. அதனால் 'உணரி' வேண்டாம். இயந்திரங்களில் வரும் சென்சாருக்கு அந்தச் சொல் நன்றாக ஒட்டிக்கொண்டும் விட்டது. மருந்தியலில் ரிசெப்டருக்கு 'ஏற்பி' புழங்குகிறது. ஆகவே சுவையேற்பி.

ஒரு உறுத்தல் உண்டு. உப்பும் புளிப்பும் இப்படி ஏற்கப்படுவதில்லை, நுழைகின்றன. குறைந்த அளவு உப்பின் சோடியம் ஒரு அயனி வாயில் வழியாகச் செல்லுக்குள் நேராகப் போகிறது. புளிப்புக்கு ஹைட்ரஜன் அயனி ஓடாப்1 என்ற வழியில் போகிறது. அந்தப் புரதம் புரோட்டான் வழி என்று தெரிந்ததே 2018-ல்தான். புளிப்புக்கு அதுவே பொறுப்பு என்பது சுண்டெலியில் அடுத்த ஆண்டு உறுதியானது. வாயிலை 'ஏற்பி' என்று சொல்லலாமா? ஆங்கிலத்திலும் இதே நெருடலோடுதான் ரிசெப்டர் என்கிறார்கள். வந்ததை உள்ளே ஏற்றுக்கொள்கிறது என்ற பொருளில் தமிழில் அவ்வளவாக உறுத்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பெயர் ஏற்பியைப் பின்பற்ற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குப் பூனை ஒன்றே போதும். பூனைக்கு நாக்கு இருக்கிறது, நாப்புடைப்பு இருக்கிறது, அரும்பு இருக்கிறது, செல் இருக்கிறது. இனிப்பு மட்டும் தெரியாது. 2005-ல் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வு மையத்தார் காரணத்தைக் கண்டார்கள்: டி1ஆர்2 மரபணுவில் 247 எழுத்துகள் உதிர்ந்துபோய் அது வேலை செய்யாத போலி மரபணுவாகக் கிடக்கிறது. புலி, சிவிங்கிப்புலியிலும் அதே கதைதான். பூனைக்குச் சர்க்கரை பிடிக்கவில்லை என்பதல்ல செய்தி. அங்கே அதற்கு ஒன்றுமே இல்லை. மூங்கிலுக்கு மாறிய பாண்டாவில் உமாமிக்கான டி1ஆர்1 பழுதாகிவிட்டது. இரையை மெல்லாமல் விழுங்கும் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இனிப்பு, உமாமி, கசப்பு மூன்றின் ஏற்பிகளையும் ஏறக்குறைய முழுதாக இழந்துவிட்டன. கோழிக்குக் கசப்பேற்பி மூன்றுதான்.

பறவைகளிடம் இதற்கு எதிர்க்கதையும் இருக்கிறது. பறவைக் குலத்துக்கே டி1ஆர்2 கிடையாது. கணக்குப்படி எந்தப் பறவைக்கும் இனிக்கக் கூடாது. ஆனால் தேன்சிட்டைப்போலப் பூவில் வாழும் அமெரிக்காவின் ஓசனிச்சிட்டு நாளெல்லாம் தேனையே குடிக்கிறது. தண்ணீரைக் கொடுத்தால் துப்புகிறது. 2014-ல் வெளியான ஆய்வு புதிரை அவிழ்த்தது. உமாமிக்கு இருந்த டி1ஆர்1, டி1ஆர்3 சோடியே சிறுகச் சிறுக மாறிச் சர்க்கரையை ஏற்கத் தொடங்கியிருக்கிறது. பழைய பூட்டுக்குப் புதுச் சாவி. இதைத் தமிழில் எழுதும்போது 'உமாமியேற்பி இனிப்பேற்பியானது' என்று இரண்டே சொல்லில் முடிகிறது. ஏற்பியோடு எந்தச் சுவைப்பெயரும் ஒட்டும். நாவுணரியில் இந்த வசதி கிடையாது.

> புலவர் ஐயா எழுதியது: அறுசுவை என்று நாம் கணக்கு வைத்திருக்க, ஐந்து என்று சுருக்குவது எதற்கு? கார்ப்பும் துவர்ப்பும் எங்கே போயின? ஊன்சுவை என்று சொல்லாமல் உமாமி என்று ஏன் இரவல் வாங்க வேண்டும்?

ஐயா, பின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அவர் பிரித்தெடுத்தது கடற்பாசியிலிருந்து. பழுத்த தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட அது உண்டு. 'ஊன்' என்று பெயர் வைத்தால் பெயரே பொய் சொல்லும். உமாமி நம் நாக்குக்கு ஒன்றும் வலிக்காத சொல். விட்டுவிடலாம்.

அறுசுவையை யாரும் சுருக்கவில்லை. அது உண்பவரின் பட்டியல், வாய்க்குள் நேர்வதையெல்லாம் சேர்த்துச் சொல்வது. ஏற்பிப் பட்டியல் வேறு. துவர்ப்பில் நடப்பது என்ன? காய்களில் இருக்கும் டானின்கள் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டி அதைத் திரளச் செய்கின்றன. வழவழப்பு போய்விடுகிறது. கன்னத்தின் உட்புறம் நாக்கோடு உரசி இழுத்துப் பிடிக்கிறது. அதில் நாம் அறிவது பெரும்பாலும் உராய்வைத்தான், அதாவது தொடுகையை.

கார்ப்பு அதைவிடத் தெளிவு. மிளகாயின் கேப்சைசின் போய்ச் சேர்வது சுவையரும்புக்கு அல்ல. வலியையும் சூட்டையும் சொல்லும் முக்கிளை நரம்பின் நுனியில் உள்ள டிஆர்பிவி1 என்ற வாயிலுக்கு. 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் வாயில் அது. கேப்சைசின் அதைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. 1997-ல் டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு கண்டது. 2021-ல் அதற்காக நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். புதினாவின் மெந்தால் இதேபோல் குளிருக்கான வாயிலைத் திறக்கிறது. இதற்கு ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் கண் எரிகிறது. சர்க்கரை தொட்ட கையால் தொட்டால் கண் இனிப்பதில்லை.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'கெமெஸ்தீசிஸ்' என்று தனிச்சொல். தமிழில் இல்லை. நான் முன்வைப்பது 'வேதியூறு'. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் தொடுபுலனுக்கு வரும் ஊறு. வேதிப்பொருளால் உண்டாகும் ஊறு, வேதியூறு. தனித்தனி உணர்வுக்கு உறைப்பு, குளிர்ப்பு என்று எழுதலாம். 'காரம்' மட்டும் வேண்டாம். வேதியியலில் அது அமிலத்துக்கு எதிர்ப்பதம். 'காரச் சுவை' என்று பாடநூலில் எழுதினால் சோப்புக் கரைசல் என்று ஒருவர் படிப்பார், மிளகாய் என்று இன்னொருவர் படிப்பார்.

தொடுதலும் சுவைத்தலும் ஒன்றாகவே நடக்கும் உயிரும் உண்டு. ஆக்டோபசு உறிஞ்சுவட்டால் ஒரு பொருளைப் பற்றும்போதே அதன் வேதியையும் அறிந்துவிடுகிறது. 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அந்த வட்டுகளில் கண்ட ஏற்பிகள், நரம்பும் தசையும் பேசிக்கொள்ள உதவும் அசிட்டைல்கோலின் ஏற்பியின் வழிவந்தவை. தண்ணீரில் எளிதில் கரையாத பொருளை அவை பிடிக்கின்றன. கரையாதது நீரில் பரவி வராது, தொட்டால்தான் தெரியும். இது சுவையா, ஊறா? எனக்கு இரண்டு பக்கமும் மனம் போகிறது. 'தொடுசுவை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.

---

புலவர் ஐயாவின் மறுமொழி:

மடல் எழுதியவருக்கு, உமாமியை விட்டுவிட்டேன். அறுசுவை உண்பவர் பட்டியல் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேதியூறு நிற்காது. 'ஊறு விளைவிக்கும்' என்று நாளிதழில் படித்து வளர்ந்த பிள்ளை, வேதியூறு என்றால் வேதிப்பொருளால் வந்த கேடு என்றுதான் கொள்ளும். தொல்காப்பியத்தில் 'ஒன்றறிவதுவே உற்றறிவதுவே, இரண்டறிவதுவே அதனொடு நாவே' என்று வருகிறது. தொட்டறிதல் முதல் அறிவு, நாவால் அறிதல் இரண்டாவது. உங்கள் ஆக்டோபசு அந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது போலும். உறுதல், தீண்டல் இரண்டும் இருக்க ஊறு எதற்கு? 'வேதித்தீண்டல்' என்றால் பளிச்சென்று விளங்கும்.

மருத்துவர் அம்மாவின் மறுமொழி:

நாப்புடைப்பு எனக்குச் சம்மதம். சுவையேற்பியில் ஒரு கேள்வி. குடலிலும் மூச்சுக்குழாயிலும் இதே டி1ஆர், டி2ஆர் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே யாருக்கும் ஒன்றும் இனிப்பதும் இல்லை, கசப்பதும் இல்லை. அங்கே குடும்பத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறீர்கள். ஈயின் ஏற்பியோ நம்முடையதோடு எந்த உறவும் இல்லாத குடும்பம். அங்கே வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கிறீர்கள். இரண்டு இடத்துக்கு இரண்டு தராசா? எல்லாவற்றுக்கும் 'வேதியேற்பி' என்று போட்டுவிட்டால் என்ன?

---

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம்.

முதலில் தராசு. அம்மா பிடித்தது சரியான பிடி. வேதியேற்பி என்பது பெரிய குடை. மூக்கின் மணவேற்பியும், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பியும் அதன் கீழ் வந்துவிடும். நமக்கு அதற்குள் ஒரு சின்ன அறை தேவை.

குடலில் இந்த ஏற்பி என்ன செய்கிறது என்று பார்த்தால் இரண்டு தராசும் ஏறக்குறைய ஒரே எடையைத்தான் காட்டும். சிறுகுடலின் சில செல்களில் இனிப்பேற்பியும் கஸ்ட்டூசினும் இருக்கின்றன என்றும், சர்க்கரை வந்து பட்டதும் அவை ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்க உதவுகின்றன என்றும் 2007-ல் ஆய்வுகள் வந்தன. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் அது. வந்தது சத்து, எடுத்துக்கொள்ள ஆயத்தமாகு என்ற செய்தி. மூச்சுக்குழாயின் உட்சுவரில் அசையும் நுண்மயிர்களில் கசப்பேற்பி இருப்பது 2009-ல் தெரிந்தது. கசப்புப் பொருள் பட்டால் மயிர்கள் வேகமாக அடித்து அதை வெளியே தள்ளுகின்றன. சில பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வெளிவிடும் பொருளையே நம் கசப்பேற்பி ஒன்று பிடித்துக்கொள்கிறது. அதே ஏற்பிதான் நாக்கிலும் பிடிசி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கசந்தும் சிலருக்குச் சப்பென்றும் இருக்கக் காரணம். 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அந்தத் தூளைக் கொட்டியபோது, பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்சுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணமான மரபணு 2003-ல் அகப்பட்டது.

ஆக, வாயிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் ஈயின் காலிலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: இதை உள்ளே விடலாமா, கூடாதா? அந்த வேலையைச் செய்யும் ஏற்பிக்குச் சுவையேற்பி என்ற பெயர் பொருந்தும். உணர்வு எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி. தேவைப்பட்டால் 'குடற் சுவையேற்பி', 'பூச்சிச் சுவையேற்பி' என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

ஐயா, தீண்டலைப் பற்றி. பாம்பு தீண்டியது என்கிறோம். 'தீண்டாமை' வேறு அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாடநூலில் அந்த நிழல் விழுவதை நான் விரும்பவில்லை. ஊறு என்றால் கேடு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளுமே என்கிறீர்கள். நினைக்கட்டுமே! டிஆர்பிவி1 வாயில் இருப்பதே சுடுகிறது, கேடு வருகிறது என்று கத்துவதற்கு. மிளகாய்ச் செடி அந்தக் கத்தலைத்தான் திருடி வைத்திருக்கிறது. தொடுகை, கேடு என்று சொல்லின் இரண்டு பொருளும் ஒரே நரம்பில் வந்து நிற்பது நமக்கு வாய்த்த வசதி. மெந்தாலுக்கு மட்டும் இந்த வாதம் கொஞ்சம் நொண்டும் என்பது உண்மைதான். வேதியூறை வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் 'ஊறு என்பது இங்கே தொடுபுலன்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா?

'ஃபிளேவர்' யாரும் தொடாமலே கிடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றால் ஆப்பிளும் உருளைக்கிழங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பொத்திய கையை எடுத்ததும், மெல்லும்போது தொண்டைவழியே மூக்குக்கு ஏறும் மணம் சேர்ந்துகொள்கிறது. சளி பிடித்தவர் 'சுவையே தெரியவில்லை' என்பது இதைத்தான்; அவருக்கு உப்பும் புளிப்பும் நன்றாகவே தெரியும். இதற்குச் 'சுவைமணம்' என்று எழுதிவருகிறேன். சுவை, மணம், ஊறு மூன்றும் சேர்ந்தது என்பதால் சொல் முழுமையில்லை. ஆனால் மூன்றையும் அடுக்கி ஒரு சொல் செய்தால் யாரும் வாயில் போட மாட்டார்கள்.

தம்பி, உங்கள் கைப்படியின் பறவைப் பத்தியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன். சரிப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"பாலூட்டிக்கு மிளகாய் உறைக்கும், பறவைக்கு உறைக்காது. வேறுபாடு சுவையேற்பியில் இல்லை. உறைப்பு சுவையே அன்று, வேதியூறு. பறவையின் டிஆர்பிவி1 வாயில் சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்குத் திறக்காது. மெல்லும் பற்கள் உள்ள பாலூட்டி விதையை அரைத்துவிடும். பறவையோ பழத்தை விழுங்கி, விதையைச் சிதைக்காமல் வேறிடத்தில் எச்சமிடும்."

'வேதியூறு' முதலில் வருவது இந்தப் பத்தியில்தான் என்றால், ஐயாவுக்காகச் சொன்ன அந்த ஒரு வரியை இதன் அடியிலேயே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.